அம்புக்குறி ஒட்டிய மாதுளை

அருள்புரத்தில் வீடு காலி செய்கிறவர்கள் விட்டுப்போவது செடிகளைத்தான். மினி லாரியில் கட்டிலுக்கும் கிரைண்டருக்கும் இடமிருக்கும். பெயிண்ட் டப்பாவில் வளர்ந்த துளசிக்கு இருக்காது. பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்த்த நாகஜோதி அவற்றைத் தூக்கிவந்து, லைன் வீடுகளுக்குப் பின்னாலிருந்த காலியிடத்தில் வைத்தாள். கறிவேப்பிலை, செம்பருத்தி, முருங்கை என்று நான்கு வருடத்தில் அறுபது தேறின. பத்து வீட்டுக்காரர்களும் பறித்துக்கொண்டார்கள்.

"இதென்னங்க்கா, அனாதை ஆசிரமமுங்களா?" என்பாள் பக்கத்து வீட்டுச் சித்ரகலா. அவளும் வேறொரு கம்பெனியில் செக்கிங்தான்.

"வேல்விழியோட மாதுள அனாதையில்ல. அவ கேட்டு வருவா."

கூட வேலை பார்த்த வேல்விழி, பிரசவத்துக்குச் சாத்தூர் போகும்போது கையில் கொடுத்துவிட்டுப் போன செடி அது.

2006 ஆவணியில் வீட்டு ஓனர் கருப்புசாமி அந்த இடத்தில் ரூம் கட்டப் போவதாகச் சொன்னார். "ஞாயித்துக்கெழமைக்குள்ள தண்ணித் தொட்டிகிட்ட மாத்திக்குங்க." ஞாயிற்றுக்கிழமையும் நாகஜோதிக்கு ஷிப்மெண்ட் வேலை. மண் உடையாமல் முதலில் எடுக்க வேண்டிய ஒன்பது நோஞ்சான் செடிகளுக்கு, கம்பெனியில் பழுதைக் காட்ட ஒட்டும் சிவப்பு அம்புக்குறி ஸ்டிக்கரை ஒட்டினாள். மாதுளையும் அப்போது இலையுதிர்த்துக் குச்சியாக நின்றது.

"ஸ்டிக்கர் ஒட்டுனதப் பாத்துப் பண்ணிரு" என்று சித்ரகலாவிடம் சொல்லிவிட்டு வேலைக்கு ஓடினாள்.

சாயங்காலம் வந்தபோது தொட்டியருகே செடிகள் வரிசையாக நின்றன. ஒன்பதைக் காணோம்.

"அம்புக்குறி ஒட்டுனா டேமேஜ்தானுங்களேக்கா. குப்பை டிராக்டர்ல ஏத்தி உட்டுட்டனுங்க."

நாகஜோதியால் திட்ட முடியவில்லை. பத்து வருடமாக அதே ஸ்டிக்கரை ஒட்டித்தான் அவளும் பீஸ்களை ஒதுக்கிக்கொண்டிருந்தாள். இரண்டு நாள் காலையில் குப்பைமேட்டைக் கிளறிப் பார்த்தாள். கிடைக்கவில்லை.

தை மாதம் வேல்விழி குழந்தையோடு வந்தாள்.

"என் மாதுள எங்கக்கா?"

சித்ரகலா துணி காயப்போடுவதை நிறுத்தினாள்.

"மழையில வேரழுகிப் போச்சும்மா" என்றாள் நாகஜோதி.

"உங்க கையிலயே பொழைக்கலன்னா அது எங்கயும் பொழைச்சிருக்காது. விடுங்கக்கா."

வேல்விழி ஒரு செம்பருத்திக் கிளையை ஒடித்துக்கொண்டு போனாள். பிறகு வரவில்லை. அவளும் செக்கிங்கில் இருந்தவள். நடந்ததைச் சொல்லியிருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பாள். தொட்டியருகே தண்ணீர் ஊற்றும்போதெல்லாம் நாகஜோதிக்கு இது தோன்றும்.