தாரை வார்க்காத கை

நான் இருக்கும் இந்தத் தீவில் குழாயைத் திறந்தால் தண்ணீர் பால் ஊற்றாத டீயின் நிறத்தில் வரும். ஸ்காட்லாந்தின் மேற்குக் கரையிலிருந்து கப்பலில் வர வேண்டிய தீவு. ஆட்களைவிட ஆடுகள் அதிகம். வந்த மறுநாள் காலையில் முகம் கழுவப் போனவன், கையில் விழுந்த தண்ணீரைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டேன். திருப்பூர்க்காரனுக்குத் தண்ணீரில் நிறம் தெரிந்தால் ஒன்றுதான் தோன்றும். மேலே எங்கேயோ சாயப்பட்டறை இருக்கிறது, யாரும் பார்க்காத நேரத்தில் திறந்து விட்டிருக்கிறார்கள். நொய்யல் ஒரு நாள் சிவப்பாகவும் ஒரு நாள் நீலமாகவும் போவதைப் பாலத்தில் நின்று பார்த்து வளர்ந்தவன் நான். அதனால் ஸ்வெட்டரை மாட்டிக்கொண்டு, ஓடை வரும் வழியைப் பிடித்து மலைமேல் ஏறினேன். ஏற ஏறப் புல்லும் சேறும் ஆடுகளும்தான். ஆடு மேய்க்கிறவர் ஒருவர் என்ன தேடுகிறாய் என்று கேட்டார். எனக்குத் தெரிந்த இங்கிலீஷில், "சாய பேக்டரி எங்கே?" என்றேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். கடலோரத்தில் நான் வேலைக்கு வந்திருந்த கம்பளி மில்லைக் கை காட்டி, "தீவில் இருக்கிற சாய பேக்டரி அது ஒன்றுதான். சாயக்காரன் நீதான்" என்றார். நிறம் அந்த மண்ணிலிருந்து வருகிறது, பீட் என்கிற கரிமண், குடித்தால் ஒன்றும் ஆகாது என்று பிறகுதான் தெரிந்தது. அன்றைக்கு ஊருக்குப் போன் போட்டுச் சொன்னபோது என் மனைவி சரசு சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது. அவள் அப்படிச் சிரித்து நான் கேட்டது அதுதான் கடைசி என்று நினைக்கிறேன்.

முதலிபாளையத்தில் ஒரு சாயப்பட்டறையில் பாய்லர் பார்த்தேன், சாயமும் கலக்கினேன். எட்டாவதுக்கு மேல் படிக்கவில்லை. இரண்டாயிரம் பிறந்த புதிதில் எங்கள் பட்டறைக்கு ஒரு வயசான வெள்ளைக்காரர் வந்தார். தீவில் சின்னதாகக் கம்பளி மில் வைத்திருந்தவர். அவருக்குச் சாயம் போட ஆள் வேண்டியிருந்தது, என்னைக் கேட்டார். சரசுவின் அண்ணன், என் மச்சான், அதே முதலிபாளையத்தில் பனியன் யூனிட் வைத்திருக்கிறவர். அவர்தான், "போய்ட்டு வாங்க மாப்ள. ஊட்டப் பத்தி ரோசனையே வேண்டாமுங்க, நானிருக்கறேன்" என்று பயணம் கட்டி அனுப்பினார். சரசுவும் மகள் கவிதாவும் திருப்பூர் ராயபுரத்து வாடகை வீட்டில் இருந்தார்கள். நான் வந்து கொஞ்ச காலத்தில் அந்த வெள்ளைக்காரர் போய்ச் சேர்ந்தார். அவர் மனைவி மோரக் அம்மாள் மில்லைப் பிடித்துக்கொண்டு ஓட்டிப் பார்த்தார். முடியவில்லை. கடைகளில் மலிவுத் துணி வந்து குவிந்துவிட்டது, கம்பளிக்கு ஆள் இல்லை. ஒரு நாள் கடைத்தெருவில் தொங்கிய பனியன் ஒன்றின் உள்பக்க லேபிளைப் புரட்டிப் பார்த்தேன். இந்தியா என்று இருந்தது. யார் கண்டார்கள், என் மச்சான் தைத்ததாகக்கூட இருக்கும். என் சோற்றில் என் ஊரே மண்ணைப் போட்டது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஊரில் அந்தப் பனியனை நம்பித்தான் ஆயிரம் அடுப்பு எரிகிறது.

மில்லை மூடிய வாரம் மோரக் அம்மாள் என்னை உட்கார வைத்து டீ கொடுத்து, ஜின் காய்ச்சலாமா என்று கேட்டார். ஜின் என்றால் ஒரு வகைச் சாராயம் என்பது மட்டும் தெரியும். "மலையில் ஜூனிப்பர் காய் கிடக்கிறது, சாயக்கூடத்தில் பாய்லர் கிடக்கிறது, பாய்லருக்கு நீ இருக்கிறாய்" என்றார். நான் தைப்பூசத்துக்குப் பழநிக்கு நடந்து போகிற குடும்பம். எங்கள் வீட்டில் முட்டைகூட ஏறாது. சாமி படத்துக்கு முன்னால் வெகுநேரம் நின்றேன். திரும்பிப் போனால் கவிதாவின் காலேஜ் நின்றுவிடும், மச்சான் யூனிட்டில் கைகட்டிக்கொண்டு நிற்க வேண்டும். "அப்பனே முருகா, காய்ச்சுகிறேன். ஒரு சொட்டு என் நாக்கில் படாது. பட்டால் உன் மலைப்படியில் கால் வைக்க மாட்டேன்" என்று சொல்லி விபூதி எடுத்துக்கொண்டேன். மோரக் அம்மாளிடமும் சொன்னேன். "நல்லது. நீ முகர்ந்து பார், நான் குடித்துப் பார்க்கிறேன்" என்றார். இரண்டு பேரும் பாதிப் பாதி என்று பேப்பர் போட்டோம்.

அப்படித்தான் அந்த வாழ்க்கை தொடங்கியது. ஸ்பிரிட் வெளியிலிருந்து டிரம்மில் வரும். அதில் ஜூனிப்பர் காயையும் எலுமிச்சைத் தோலையும் போட்டுச் செப்புப் பானையில் காய்ச்சி வடிக்க வேண்டும். ஜின்னுக்குக் கொத்தமல்லி விதையும் வேண்டும் என்று கேட்டபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. சரசு ரசத்துக்கு வறுக்கிற அதே மல்லிதான். முதலில் சொட்டுவது நகப்பாலிஷ் வாடை அடிக்கும், அதை ஒதுக்கிவிட வேண்டும். அந்த வாடை போய் மல்லி வாசம் எழும்போது கையைத் தூக்குவேன், மோரக் அம்மாள் பாத்திரத்தை மாற்றுவார். வடித்தது நெருப்பாக இருக்கும், அதில் சுத்தம் செய்த தண்ணீரை ஊற்றி இளக்க வேண்டும். அவசரப்பட்டு ஊற்றினால் சில நேரம் பால்போலக் கலங்கிவிடும். அதனால் ஊரிலிருந்து கொண்டுவந்த பித்தளைச் செம்பில் தண்ணீர் மோந்து, நூல் பிடித்த மாதிரி மெல்ல வார்ப்பேன். அந்த வேலையை மோரக் அம்மாள் வேறு யாரிடமும் விட்டதில்லை. உள்ளே தீப்பற்றும் என்பதால் கற்பூரம் ஏற்றக்கூடாது என்று சோதனைக்கு வந்த அதிகாரி சொல்லிவிட்டார். தினம் வெளியே வந்து ஒரு தகர வாளிக்குள் கற்பூரத்தை வைத்துக் காற்றோடு மல்லுக்கட்டுவேன். பாதி நாள் அணைந்துவிடும். அணைந்த வாசத்துக்கே கன்னத்தில் போட்டுக்கொண்டு உள்ளே போய்விடுவேன்.

நான் குடிப்பதில்லை என்பது தீவு முழுக்கப் பரவியது. கப்பலில் கயிறு கட்டுகிற டானல்ட் ஒரு நாள் என் பக்கத்தில் வந்து, குரலைத் தாழ்த்தி, "நிறுத்தி எத்தனை வருஷம் ஆகிறது?" என்றார். "தொட்டதே இல்லை" என்றேன். அவர் என் தோளைத் தட்டி, "அப்படித்தான் சொல்ல வேண்டும். நானும் விட்டவன்தான். இரவும் பகலும் அதன் பக்கத்திலேயே நின்றுகொண்டு தொடாமல் இருக்கிறாயே, பெரிய ஆள் நீ" என்றார். பெருங்குடிகாரனாக இருந்து திருந்தியவன் என்று நினைத்துவிட்டார். எத்தனை முறை விளக்கினாலும் கண் சிமிட்டுவார். அதற்குப் பிறகு என்னைக் கண்டால் அவருக்கு ஒரு மரியாதை. இதை நினைத்தால் எனக்கே சிரிப்பு வரும். ஆனால் ஊரில் எனக்கு வேறு பெயர் ஆகியிருந்தது.

ஊரில் யாருக்கும் தெரியாமல் கொஞ்ச காலம் போயிற்று. பிறகு மச்சானிடம் துணி எடுக்கிற வெளிநாட்டு ஆள் ஒருவர் மூலம் தெரிந்துவிட்டது. போனில் பிடித்துக்கொண்டார். "ஏனுங்க மாப்ள, மில்லுல சாயம் போடறேன்னு சொல்லிப்போட்டுச் சாராயம் காச்சறீங்களாமா? சாமி கும்புடற ஊட்டுல எம்பட தங்கச்சியக் கட்டிக் குடுத்தனுங்க." நான் பேச வாய் திறப்பதற்குள் தொடர்ந்தார். "அது கெடக்கட்டும். வரும்போது நாலு பாட்டல் கொண்டாந்துருங்க. துணி எடுக்கற பையருக்குக் குடுக்கோணும்." சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. சரசுதான் அதற்குப் பிறகு பேசுவதைக் குறைத்துக்கொண்டாள். சாப்டீங்களா, குளுருதுங்களா, அவ்வளவுதான்.

கவிதாவுக்குச் சேவூரிலிருந்து ஜாதகம் வந்தது. தோட்டமும் பவர்லூமும் இருக்கிற குடும்பம். பொருத்தம் எல்லாம் கூடி வந்தது. பையனுக்கும் பெண்ணுக்கும் பிடித்துவிட்டது. பையனின் தாத்தா மட்டும் ஒரு வார்த்தை சொல்லி அனுப்பினார். எங்கள் பக்கத்துக் கல்யாணத்தில் பெண்ணின் கையை மாப்பிள்ளை கையில் வைத்து, பெண்ணைப் பெற்ற இரண்டு பேரும் செம்புத் தண்ணீரைத் தாரையாக வார்த்துக் கொடுக்க வேண்டும். அந்தத் தண்ணீர் விழுந்தால்தான் பெண் அந்த வீட்டுப் பெண். "சாராயம் ஊத்தற கையில தாரை வாங்க முடியாதுங்க. அந்தத் தொழிலைத் தல முழுகிப்போட்டு வரட்டும்" என்று சொல்லியிருக்கிறார். சரசு போனில் அழவில்லை. "நம்ம ரெண்டு பேரும் நின்னு வாக்கோணுமுங்க. எனக்கு வேற எதுவும் வேண்டாமுங்க" என்றாள். எனக்கும் வேறு எதுவும் வேண்டியிருக்கவில்லை.

மோரக் அம்மாளிடம் சொன்னேன். தாரை வார்ப்பது என்றால் என்ன என்று எனக்கு இங்கிலீஷில் விளக்கத் தெரியவில்லை. செம்பை எடுத்துத் தண்ணீர் ஊற்றிக் காட்டினேன். அவர் ஜின்னைப் பற்றிச் சொல்கிறேன் என்று நினைத்து, "ஆமாம், உன்னைப்போல யாருக்கும் வராது. ஆனால் இயன் கற்றுக்கொள்வான்" என்றார். இயன் அவருடைய தம்பி மகன், கிளாஸ்கோவில் இருந்தவன், இந்தத் தொழிலின் மேல் ஆசை வைத்திருந்தான். நான் ஊருக்கே திரும்பிப் போகிறேன் என்று அந்த அம்மாள் எடுத்துக்கொண்டார். "வீட்டுக்குப் போகிறாய், சந்தோஷம்" என்று கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். அதை நான் திருத்தவில்லை. நானும் அப்படித்தான் நம்பியிருந்தேன். என் பாதியை இயன் பெயருக்கு எழுதிக் கொடுத்தேன். வந்தது கல்யாணத்துக்குச் சரியாக இருந்தது. பானையை அவனுக்குக் காட்டிக் கொடுத்தேன், மல்லி வாசம் எப்போது எழும் என்று சொல்லிக் கொடுத்தேன். சாமி படத்தை மட்டும் சுவரிலிருந்து கழற்றிப் பெட்டியில் வைத்துக்கொண்டேன். படம் இருந்த இடம் சுவரில் வெள்ளையாகத் தெரிந்தது.

கல்யாணத்தன்று விடியற்காலையிலேயே குளித்து, வேட்டி கட்டி, நெற்றி நிறைய விபூதியோடு மணவறைப் பக்கம் நின்றேன். சரசு பட்டுச்சேலையில் என் பக்கத்தில் செம்போடு நின்றாள். எத்தனையோ வருஷத்துக்குப் பிறகு அவள் தோள் என் தோளில் உரசியது. சடங்கு செய்து வைக்கிற அருமைக்காரர், "பொண்ணப் பெத்தவங்க வாங்க சாமி" என்று கூப்பிட்டார். ஒரு அடி எடுத்து வைத்தேன். சேவூர்த் தாத்தா உட்கார்ந்த இடத்திலிருந்தே கையைக் காட்டித் தடுத்தார். கோபமே இல்லாமல் மரியாதையாகத்தான் பேசினார்.

"கோவிச்சுக்காதீங்க சாமி. தொழில விட்டுப்போட்டீங்க, செரி. கையி அதே கையி தானுங்களே. பொண்ணோட மாமன் வாக்கட்டும்."

"ஒரு சொட்டு நான் தொட்டதில்லீங்க. பழநியாண்டவன் மேல சத்தியமுங்க" என்றேன்.

"அதெப்படிங்க? நெய் அளக்கறவன் வெரல நக்காம இருப்பானுங்களா?" என்று கூட்டத்தில் யாரோ சொன்னார்கள். நாலு பேர் சிரித்தார்கள்.

நேரம் போகிறது என்று நாதஸ்வரக்காரர் பார்த்தார். மச்சான் என் காதோரம் வந்து, "முகூர்த்தம் தப்பீரும் மாப்ள. புள்ளையப் பாருங்க" என்றார். அவர் வாயில் முந்தின நாள் வாடை இருந்தது. எனக்கு அந்த வாடை நன்றாகத் தெரியும், மல்லியும் ஜூனிப்பரும். நான் கொண்டுவந்து கொடுத்த பாட்டில். கவிதா தலையைக் குனிந்துகொண்டிருந்தாள். சரசு கையிலிருந்த செம்பை மச்சானின் மனைவி மெதுவாக வாங்கிக்கொண்டாள். என் பொருட்டுச் சரசுவும் தள்ளி நின்றாள். மச்சானும் அவர் மனைவியும் வார்த்தார்கள். மச்சான் அவசரக்காரர், தண்ணீர் தாரையாக விழவில்லை, மடமடவென்று கொட்டி மாப்பிள்ளையின் வேட்டியை நனைத்தது. நான் வார்த்திருந்தால் நூல்போல விழுந்திருக்கும். காலில் விழுந்தபோது கவிதா என் கையைப் பிடித்தாள். "என்னுங்கப்பா, கை இப்பிடிச் சில்லுன்னு இருக்குது" என்றாள். அதற்குள் போட்டோக்காரர் திரும்பச் சொன்னார்.

அதன் பிறகு ராயபுரத்தில் சில மாதம் இருந்தேன். ஆற்றைக் கெடுத்ததாகச் சாயப்பட்டறைகள் மேல் கேஸ் நடந்துகொண்டிருந்தது, வேலை இல்லை. மச்சான் யூனிட்டில் பீஸ் எண்ணச் சொன்னார்கள், எண்ணினேன். அங்கே பீகார்ப் பையன்கள்கூட என்னைப் பற்றிக் கேள்விப்பட்டிருந்தார்கள், தாரூவாலா, சாராயக்காரன் என்று இந்தியில் பேசிக்கொண்டார்கள். பழநிக்குப் போனேன். மலைப்படியில் கால் வைக்கும்போது, சொன்ன சொல்லைக் காப்பாற்றிவிட்டேன் முருகா என்றேன். அவனுக்குத் தெரியும். ஆனால் அவன் சாட்சி சொல்ல வரமாட்டான். இதை எழுதுவது பாவம் என்றால் அவனே மன்னிக்கட்டும். ஒரு நாள் சரசு சோறு போட்டுக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்.

"ஏனுங்க, நீங்க அங்கயே போயிருங்க."

"எதுக்கு?"

"நீங்க இங்க இருந்தா ஊர் வாயில உழுந்துட்டே இருக்கோணும். அக்கட்ட இருந்தா மறந்துருவாங்க. சேவூரு கவிதா பொழைக்கற எடமுங்க."

அவள் சொன்னதில் தப்பில்லை. குழம்பை ஊற்றினாள், சாப்பிட்டேன்.

இப்போது மறுபடியும் தீவில் இருக்கிறேன். இயனிடம் சம்பளத்துக்கு. மோரக் அம்மாள் போன குளிர்காலத்தில் போய்விட்டார். அவரிடமும் நான் ஏன் திரும்பி வந்தேன் என்று கடைசிவரை சரியாகச் சொல்ல முடியவில்லை, கல்யாணம் நின்றுவிட்டது என்றே நினைத்துக்கொண்டு போனார். இயன் நல்ல பையன். சுற்றிப் பார்க்க வருகிறவர்களிடம் என்னைக் காட்டி, இவர் ஒரு சொட்டுக் குடிக்காமல் இத்தனை காலம் வடித்தவர், இந்தியாவில் சாமியார் என்கிறான். அவர்கள் என்னோடு நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள். சாமி படத்தைப் பழைய இடத்தில் மாட்டினேன். சுவருக்கு இயன் புதுச் சுண்ணாம்பு அடித்திருந்ததால் பழைய ஆணியைத் தேட வேண்டியிருந்தது.

இன்று காலை வடித்ததில் தண்ணீர் சேர்க்கும் நேரம் வந்தபோது இயன் தண்ணீர் விடுகிற மிஷினைத் திருகப் போனான். நான் வேண்டாம் என்று சொல்லிவிட்டுச் செம்பை எடுத்தேன். வெளியே அந்த டீத்தண்ணீர் ஓடை சத்தமிட்டுக்கொண்டு போனது. பாத்திரத்தின் மேல் கையை நீட்டி மெல்லச் சாய்த்தேன். தண்ணீர் அறுபடாமல் நூலாக இறங்கியது, கொஞ்சமும் கலங்கவில்லை. பக்கத்தில் சரசு நிற்கிற அளவுக்கு இடம் விட்டுத்தான் நின்றிருந்தேன்.