வாசலில் கிடந்த செருப்பு

மாத்தளையில் நான் படித்த வளாகத்தில், கட்டுரை எழுத உதவுவதற்கென்றே ஓர் அறை இருந்தது. கடைசி வருட மாணவர்கள் அங்கே உட்கார்ந்து இளையவர்களுக்கு உதவ வேண்டும். என் முறை வந்தபோது வகுப்பு வகுப்பாகப் போய், "சும்மா வந்து காட்டுங்க, யாரும் கடிக்க மாட்டாங்க" என்று தொண்டை கிழியக் கூப்பிட்டேன். எல்லோரும் நன்றாகத் தலையாட்டினார்கள். ஒருத்தரும் வரவில்லை. எனக்குப் பொல்லாத கோபம்.

காரணம் செருப்பு என்று பிறகுதான் புரிந்தது. அது முன்பு கம்ப்யூட்டர் அறை. கம்ப்யூட்டர்கள் புதுக் கட்டடத்துக்குப் போன பிறகும், செருப்பைக் கழற்றிவிட்டு நுழையும் வழக்கம் மட்டும் போகவில்லை. வாசலோ கன்டீனுக்குப் போகும் வழியில். கிடக்கிற செருப்பை வைத்தே உள்ளே யார் என்று சொல்லிவிடுவார்கள். எழுதத் தெரியாதவள் என்று பேர் வாங்க யாருக்கு ஆசை?

ஒருநாள் முதல் வருடப் பிள்ளை ஒருத்தி வாசலைத் தாண்டிப் போவதும் திரும்பி வருவதுமாக இருந்தாள். எனக்குப் பொறுக்கவில்லை.

"தங்கச்சி, செருப்பைக் கையில எடுத்துக்கிட்டு உள்ள வா!"

செருப்பை சொப்பிங் பேக்கில் போட்டு மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். உக்குவளைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்திலிருந்து வருகிறவள். கட்டுரை திரும்பி வந்துவிட்டதாம். வெள்ளிக்கிழமைக்குள் திருத்திக் கொடுக்காவிட்டால் அதே வருடத்தை மறுபடி படிக்க வேண்டும்.

"வீட்டுல இன்னொரு வருஷம் விட மாட்டாங்க அக்கா. படிச்சது போதும்னு நிப்பாட்டிருவாங்க."

தலைப்பு போக்குவரத்து. 'மனித வாழ்வில் போக்குவரத்து இன்றியமையாததாகும்' என்று தொடங்கி, கடைசி வரி வரைக்கும் அப்படியே போனது. ஒரு பஸ்கூட அதில் ஓடவில்லை.

"நீ எப்படி வர்றே, அதைச் சொல்லு" என்றேன்.

"காலையில பஸ் நெறைஞ்சுதான் வரும். எங்க பஸ் ஹோல்ட்ல நிப்பாட்ட மாட்டாங்க. ஆனாலும் நாங்க கை காட்டுவோம். காட்டலைன்னா, இங்க யாருமே ஏறுறதில்லன்னு நெனைச்சிருவாங்கல்ல?"

"அடியே, இதை ஏன் எழுதல?"

"இதெல்லாம் எழுதலாமா அக்கா?"

அந்தக் கேள்வியில் என் கோபமெல்லாம் கரைந்துபோனது. அவள் மேல் அப்போது வந்த பிரியம் இன்றுவரை குறையவில்லை. வெள்ளிக்கிழமை வரை தினமும் வந்தாள், மடியில் பையோடுதான். புதிதாக எழுதிய கட்டுரையின் கடைசி வரியை நான் மாற்றச் சொன்னதற்கு முடியாது என்று சண்டை பிடித்தாள். அவள் எழுதியதுதான் சரி என்று எனக்கே பட்டது. கட்டுரை தேறியது.

அடுத்த படிப்புத் தவணையில் ஒரு மத்தியானம் அறையைத் திறந்து வைத்துவிட்டுத் தேநீர் வாங்கப் போயிருந்தேன். திரும்பி வரும்போது வாசலின் நட்டநடுவில் ஒரு ஜோடி செருப்பு கிடந்தது. கன்டீனுக்குப் போன கூட்டத்தில் ஒருத்தி நின்று, "ஏய், இது உன் செருப்புதானே?" என்று உள்ளே பார்த்துச் சத்தம் போட்டாள்.

"என்னோடதுதான்," உள்ளேயிருந்து அந்த உக்குவளைப் பிள்ளையின் குரல் வந்தது. "நீயும் கழட்டிட்டு வா, எடம் இருக்கு."