இல்லாத சுவரைப் பார்க்க வந்தவர்

இடி முழங்கத் தொடங்கினால் எங்கள் தெருவில் எல்லா வீடுகளிலும் முதலில் நடக்கும் காரியம், வைஃபை பெட்டியின் பிளக்கைப் பிடுங்குவதுதான். துலாவர்ஷம் என்று இங்கே சொல்லும் ஐப்பசி மழை வெளுத்து வாங்கிய அந்த ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்கு நானும் பிடுங்கி வைத்தேன். வைஃபை இல்லாவிட்டால் என் போன் வெறும் கடிகாரம். ஆறு மணிக்கு மறுபடி சொருகியதும் போன் விடாமல் துள்ளியது. தெரு வாட்ஸாப் குழுவில், எங்களுக்கெல்லாம் வைஃபை வைத்துத் தந்த சுப்பையாவின் படம், மாலையோடு. காலையில் நெஞ்சுவலி வந்தது, ஆஸ்பத்திரி போகும் வழியிலேயே முடிந்துவிட்டது, உடலைச் சொந்த ஊரான அம்பாசமுத்திரத்துக்குக் கொண்டுபோய்விட்டார்கள் என்று யாரோ எழுதியிருந்தார். ஐந்து மணிக்கு வரவேண்டிய மனிதரைக் காணோமே என்று அதுவரை நான் அவரைத் திட்டிக்கொண்டிருந்தேன். நினைத்தால் இப்போதும் வெட்கமாக இருக்கிறது.

ஆரியசாலைச் சந்தில் இரண்டு பேர் சேர்ந்தாற்போல் நிற்க முடியாத அவருடைய கடையை இந்தக் குழுவில் இருக்கும் உங்களில் பலருக்குத் தெரியும். மின்சாமான் கடையில் வேலைக்கு வந்தவர், பிறகு கேபிள் டிவிக்கு வயர் இழுத்தார், கடைசியில் வீடு வீடாக ரூட்டர் வைக்கிறவரானார். எந்த வீட்டுக்குப் போனாலும் பெட்டியைப் பிரிப்பதற்கு முன் ஒரே ஒரு கேள்விதான். "சாரே, நீங்க எங்க உக்காந்து பேசுவீங்க? அங்க போய் உக்காருங்க, நான் பாக்கட்டும்." வீட்டுக்காரர் போய் உட்கார்ந்தாக வேண்டும். சுப்பையா நடுவில் உள்ள சுவர்களை ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்துக்கொண்டே வருவார்.

எங்கள் வீட்டுக்கு முதன்முதலில் வந்தபோது ரூட்டரைத் தேடினார். நான் இரும்பு பீரோவைத் திறந்து காட்டினேன். இடிக்குப் பயந்து உள்ளே வைத்திருந்தேன், வயர் மட்டும் கதவிடுக்கில் வெளியே வரும். சிரித்துச் சிரித்து அவருக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. "பேங்க்ல வேலை பாத்த புத்தி சாரே! ஒரேயடியா லாக்கர்ல வச்சிருக்கலாமே!" என் மனைவியும் அவரோடு சேர்ந்துகொண்டு சிரித்தாள். அன்று எனக்குக் கோபம்கூட வந்தது.

வியாபாரத்தில் அவரைப் போலப் பிழைக்கத் தெரியாதவரை நான் பார்த்ததில்லை. பழவங்காடியில் லாட்ஜ் வைத்திருப்பவர், வைஃபையில் தலைமுறைக்கு ஒரு எண் உண்டே, அதில் புதிதாக வந்த ஏழுதான் வேண்டும் என்று அடம்பிடித்தார். சுப்பையா அவருடைய போனை வாங்கித் திருப்பிப் பார்த்தார். "ரூட்டர் ஏழா இருந்தாலும் கையில இருக்கறது நாலுன்னா, நாலுலதான் ஓடும். ரெண்டு பேருக்கும் தெரிஞ்ச பாஷையிலதானே பேச முடியும்? முதல்ல போனை மாத்துங்க, பின்னே வாங்க" என்று அனுப்பிவிட்டார். விழிஞ்ஞம் துறைமுகத்தில் வேலை பார்க்கும் ஒரு பெண் தன் ஃபிளாட்டுக்குக் கேட்டபோது மட்டும் மறுபேச்சில்லாமல் ஆறைக் கொடுத்தார். அந்த வீட்டில் டிவி, கேமரா, நாலு போன், மூன்று லேப்டாப் எல்லாம் ஒரே நேரத்தில் ஓடும். "கூட்டம் இருக்கற வீட்டுக்குத்தான் சாரே ஆறு. அது எல்லாரையும் ஒண்ணாக் கவனிக்கும். ஒத்தை ஆளுக்கு நாலே மதி, அது போதும்" என்று பிறகு என்னிடம் விளக்கினார்.

நானோ ஒற்றை ஆள் ஆகியிருந்தேன். மனைவி இறந்துபோன பிறகு, கனடாவில் இருக்கும் மகன் பாலு ஞாயிற்றுக்கிழமை ஐந்தரை மணிக்கு வீடியோவில் கூப்பிடுவான். இரண்டு நிமிஷம், மூன்று நிமிஷம். "அப்பா, அங்க ரேஞ்சு இல்லே, கட் ஆறது. அடுத்த வாரம் பேசறேன்." அவ்வளவுதான், திரை இருண்டுவிடும். வாரம் முழுக்க நான் சேர்த்து வைத்த பேச்சு அப்படியே அடுத்த வாரக் கணக்கில் சேரும்.

குற்றம் ரூட்டருடையது என்று முடிவு கட்டினேன். நாலை மாற்றி ஐந்து வாங்கினேன். அது வேகமானது, ஆனால் எங்கள் வீட்டுத் தடித்த வெட்டுக்கல் சுவரைத் தாண்டத் திணறியது. முன்கட்டில் வைத்தால் அடுக்களையில் ஒன்றும் கிடைக்காது. போனையும் மாற்றி, சுப்பையாவிடம் சண்டை போட்டு ஆறு வாங்கினேன். அவர் அதை நடுக்கூடத்தில், என் நாற்காலிக்கு எதிரிலேயே அலமாரி மேல் வைத்தார். அப்படியும் பாலுவுக்கு ரேஞ்சு கிடைக்கவில்லை. ஏழு கொண்டுவாருங்கள் என்று போன் செய்தேன். ஞாயிறன்று வெறுங்கையோடு வந்தார். "முதல்ல நான் பாக்கட்டும் சாரே. பேசுங்க."

பாலு கூப்பிட்டான். சுப்பையா படத்தில் விழாதபடி, எனக்கு எதிரே தள்ளி உட்கார்ந்து, தன் போனை என் வைஃபையில் இணைத்து ஏதோ ஒரு திருவிழா வீடியோவை ஓடவிட்டார். யானையின் நெற்றிப்பட்டத்துக் குமிழ்களை ஒவ்வொன்றாக எண்ணலாம், அவ்வளவு துல்லியம். ஒரு நொடிகூட நிற்காமல் ஓடியது. அதே நேரத்தில் என் போனில் மகனின் குரல். "அப்பா, அங்க ரேஞ்சே இல்லே. அப்புறம் பேசறேன், என்னா?"

யானை நடந்துகொண்டிருந்தது. நான் அதைப் பார்த்தேன். நான் பார்த்ததை அவரும் பார்த்தார். சட்டென்று போனைத் தொடைமேல் கவிழ்த்தார். பிறகு அவர் எழுந்து போய்ப் பக்கத்துச் சுவரைத் தட்டினார். "இந்தச் சுவர்தான் சாரே பிரச்சினை. வெட்டுக்கல்லு அல்லே? ஏழு வச்சாலும் இதேதான். அடுத்த ஞாயிறு வந்து இடம் மாத்திப் பாக்கறேன்."

எனக்கும் ரூட்டருக்கும் நடுவில் சுவரே இல்லை. கைக்கு எட்டும் தூரத்தில் அது பச்சை விளக்கை எரித்துக்கொண்டிருந்தது. "ஆமாம், பழைய சுவர்" என்றேன் நான்.

அதன் பிறகு ஒரு ஞாயிறு தவறவில்லை. ஐந்து மணிக்கு வருவார், ரூட்டரை ஒரு சாண் இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ நகர்த்துவார், எதிரே உட்காருவார். பாலு கூப்பிட்டு, வைத்துவிட்டுப் போவான். அப்புறம் நான் அவருக்குக் காப்பி போடுவேன். மகனுக்கென்று வைத்திருந்த பேச்சையெல்லாம் அவர் கேட்டார். மூட்டுவலி, பக்கத்து வீட்டுப் பலாமரம், மனைவி கடைசியாகப் போட்டுவைத்த நாரத்தங்காய் ஊறுகாய், எதையும் விடவில்லை. கடையிலும் அவருக்கு வேலை இருந்திருக்கும். கிளம்பும்போது மட்டும் மறக்காமல் சொல்வார். "சுவர் கொஞ்சம் தேவலாம் சாரே. அடுத்த வாரம் பாப்போம்."

அவர் இறந்ததற்கு அடுத்த ஞாயிறு, எதிரே வெறும் நாற்காலி. பாலு கூப்பிட்டான். இரண்டாவது நிமிஷத்தில் "அப்பா, ரேஞ்சு" என்று தொடங்கினான்.

"ரேஞ்செல்லாம் நன்னாத்தாண்டா இருக்கு, பாலு" என்றேன். "எப்பவும் நன்னாத்தான் இருந்தது. அதைப் பாத்துண்டிருந்த சுப்பையாதான் போயிட்டார்."

அவன் முகம் அசையவில்லை. படம் உறைந்ததாக நடிக்கிறானோ என்றுகூட நினைத்தேன். பிறகு மெதுவாகக் கேட்டான். "சுப்பையாவா? அது யாருப்பா?"

இத்தனை ஞாயிறுகள் எனக்கு எதிரே உட்கார்ந்திருந்தவரை அவனுக்குத் தெரியவில்லை. சொல்லத் தொடங்கினேன். பீரோவையும் லாட்ஜையும் கேட்டுச் சிரித்தான். யானை வந்தபோது சிரிப்பு நின்றது. சுவர் வந்தபோது தலையைக் குனிந்துகொண்டான். ஆனால் போனை வைக்கவில்லை. அன்று அவனிடம் சொன்னதைத்தான் இங்கே உங்களுக்கும் எழுதியிருக்கிறேன்.

உங்கள் வீடுகளிலெல்லாம் சுப்பையா உண்மையைச் சொல்லித்தான் ரூட்டர் வைத்தார். இது வேண்டாம், அது வீண், இருப்பதே போதும் என்று சொன்ன அந்த உண்மைகள் உங்களிடமே இருக்கட்டும். தொழிலில் அவர் சொன்ன ஒரே ஒரு பொய் என்னிடம் இருக்கிறது. அதை நான் யாருக்கும் கொடுக்கமாட்டேன்.