ஆடிக்குக் காத்திருந்த ஏசி

கணபதி பகுதியில் எங்கள் வீடு மொட்டை மாடிக்கு நேர் கீழே இருக்கிறது. சித்திரை வந்தால் இட்லிப் பானைக்குள் குடியிருப்பது போலத்தான். இருந்தும் இருபது வருடம் ஏசி இல்லாமல் சமாளித்தவன் நான். மின்விசிறியைக் கொஞ்சம் வேகமாக வைத்தாலே, மீட்டரில் சிவப்பு விளக்கு எப்படி மினுக்குகிறது என்று எட்டிப் பார்ப்பேன். பூமியைக் காப்பாற்றுகிறேன் என்று வெளியே சொல்லிக்கொள்வது. உள்ளே இருந்தது வெறும் கரண்ட் பில் பயம்.

அந்த வருடம் என் மனைவிக்கு மார்பில் கட்டி. மருந்து ஏற ஏற உடம்பெல்லாம் அனல் அடிக்கிறது என்றாள். ஈரத் துண்டைக் கழுத்தில் சுற்றிக்கொண்டு வெறும் தரையில் படுத்தாள். ஏசி வாங்கிவிடலாம் என்று நானேதான் சொன்னேன். சொல்லிவிட்டு ஆராய்ச்சியில் இறங்கினேன். எந்த வாயு ஓசோனைக் கெடுக்காது, எத்தனை ஸ்டாருக்கு எவ்வளவு கரண்ட் என்று நோட்டில் கட்டம் போட்டே ஒரு மாதம் போனது. ஐந்து ஸ்டார்தான் என்று முடிவானது. விலையைப் பார்த்ததும் எனக்கு வேர்த்தது.

வங்கியில் கிடந்த டெபாசிட் ஆடியில்தான் முதிரும். ஆடியில் தள்ளுபடியும் வரும். நடுவில் உடைத்தால் வட்டி போய்விடும்.

"ரெண்டு மாசந்தான் அம்மணி. பூமியே சூடாயிட்டு இருக்குது, பாத்துத்தான் வாங்கோணும்."

"பூமி அப்புறமா ஆறட்டுமுங்க. மொதல்ல நான் ஆறோணும். மூணு ஸ்டாரே போதுமுங்க."

"மூணு ஸ்டாருன்னா ஓட்டல்கூட நல்லாருக்காது."

சிரித்தாள். அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன்.

ஆனி பிறந்து நாலாம் நாள், இனி வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார் டாக்டர். அவளை வீட்டில் படுக்கவைத்து, அவள் தங்கையை உட்காரச் சொல்லிவிட்டு வங்கிக்கு ஓடினேன். என் கையெழுத்தே எனக்கு ஒத்துவராமல் மூன்று முறை போட்டேன். அங்கிருந்து கடைக்குப் போனபோதுதான் பார்த்தேன், காலில் ஒன்று என் செருப்பு, இன்னொன்று அவளுடையது.

"எத்தன ஸ்டாருங்க வேணும்?" என்றார் கடைக்காரர்.

"இன்னைக்கே மாட்டிக் குடுக்கறது எதுவோ, அதக் குடுங்க."

சாயங்காலம் சுவரைத் துளைத்து மாட்டிவிட்டுப் போனார்கள். பெரிய சாதனை செய்தவன் போலக் கட்டிலருகே வந்து நின்றேன். கொஞ்ச நேரத்தில் அவள் போர்வையை இழுத்தாள்.

"குளுருதுங்க. அமத்திப்போடுங்க."

ஏசியை அணைத்தேன். அதன் பிறகு பதினோரு நாள் இருந்தாள். ஒருநாளும் அனல் என்று சொல்லவில்லை. அவள் பாதங்களைத் தேய்த்துத் தேய்த்துச் சூடேற்றிக்கொண்டிருந்தேன்.

புரட்டாசியில் இலவச சர்வீஸ் என்று ஒருவர் வந்தார். ஏணி போட்டு ஏறி, வடிகட்டியைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"ஏனுங்க சார், துளி தூசி இல்லீங்களே. இத்தன சுத்தமா யாரும் வெச்சிருந்து நான் பாத்ததில்லீங்க."

அவர் இறங்கும்வரை ஏணியைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.