ஒரு பக்கம் தட்டு, ஒரு பக்கம் லேப்டாப்

என் கணவர் சிங்கப்பூரிலிருந்து லீவில் வந்தபோது, தைலமும் சாக்லேட்டும் எதிர்பார்த்து வந்த சொந்தக்காரர்கள் முன்னால் பெட்டியைத் திறந்து அறுபது பழைய இசைத்தட்டுகளை எடுத்து அடுக்கினார். ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் ஒவ்வொன்றாகப் பொறுக்கியவையாம். லக்கேஜில் பாதி எடை அதுதான். மிச்சத்தில் அவருடைய லுங்கிகளும் எனக்கு ஒரு குடையும் இருந்தன. புதுக்கோட்டை வெயிலுக்குக் குடை தேவைதான், குறை சொல்லக் கூடாது.

"கப்பல் பட்டறையில இத்தனை வருஷம் வேலை பாத்துட்டு தோசைக்கல்லா வாங்கிட்டு வந்திருக்கீங்க?" என்று கேட்டேன்.

"தோசைக்கல்லு இல்ல. இதை வச்சு நான் டிஜே பண்ணுவேன்" என்றார். அங்கே ஒரு மலாய் நண்பர் லீவு நாட்களில் அவருக்குக் கற்றுக்கொடுத்திருந்தார். நாற்பத்தெட்டு வயது, முன்வழுக்கை, சர்க்கரைக்கு மாத்திரை. இப்படி ஒரு டிஜேயை நான் பார்த்ததில்லை.

எங்களுக்குக் கல்யாணமாகிப் பத்தொன்பது வருஷம். அவர் லீவில் வந்த நாட்களையெல்லாம் கூட்டினால் மூன்று வருஷம் தேறாது. நான் அரசுப் பள்ளியில் கணக்கு டீச்சர், அதனால் கூட்டிப் பார்த்திருக்கிறேன். கேஸ் புக்கிங், கரண்ட் பில், மகனின் பள்ளி, இப்போது அவன் கோயம்புத்தூர் ஹாஸ்டல், எல்லாவற்றிலும் என் செல் நம்பர்தான். அவர் அங்கிருந்து எதை ஆர்டர் செய்தாலும் கூரியர்காரர் நான் வகுப்பில் இருக்கும்போதுதான் கூப்பிடுவார். பின்னக் கணக்கின் நடுவில் ஓடிபி சொன்ன டீச்சர் என்று எங்கள் பள்ளியில் எனக்கு ஒரு பெயரே உண்டு.

இந்த முறை லீவு இரண்டு மாதம். வந்த அன்றே, "காண்ட்ராக்டை நீட்டிக்கச் சொல்லிக் கேக்குறாங்க. அடுத்த மாசக் கடைசிக்குள்ள பதில் சொல்லணும்" என்று சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்த்தார். நான் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தேன். போகாதீர்கள் என்று சொல்லத்தான் ஆசை. ஆனால் ரோஷம் விடவில்லை. என்னைக் கேட்டா முதலில் போனார், இப்போது மட்டும் நான் ஏன் வாய் திறக்க வேண்டும்?

"ஒங்க இஷ்டம்" என்றேன். திரும்பிப் போகும் டிக்கெட் அலமாரியில் இருந்தது. நான் துணி எடுக்கும்போதெல்லாம் அதைப் பார்த்துக்கொண்டேன்.

இந்த நிலைமையில்தான் மீமிசல் பக்கம் வாழ்க்கைப்பட்ட என் நாத்தனார் போன் செய்தாள். மகளுக்குக் காதுகுத்து. "அண்ணே, இங்க எல்லா வீட்டுலயும் தாய்மாமன் சீர் டிஜே வண்டியோடதான் வருது. நீங்க பாட்டுக்கு ஆட்டோவுல வந்து எறங்கிறாதீங்க. எங்க வீட்டு ஆளுங்க முன்னாடி என் மானமே போயிரும்."

"வண்டி பிடிச்சிருவோம்த்தா. டிஜே நானே" என்றார் தாய்மாமன். நாத்தனார் போனை என்னிடம் கொடுக்கச் சொன்னாள்.

திருச்சிக்குப் போய்க் கருவி வாங்குவது என்று முடிவானது. பஸ் விராலிமலை தாண்டும்வரை சண்டை போட்டோம். சொல்லப்போனால் புதுக்கோட்டையிலிருந்து திருச்சிக்கு விராலிமலை வழியே கிடையாது. சண்டை மும்முரத்தில் தவறான பஸ்ஸில் ஏறிவிட்டோம். என் கட்சி, லேப்டாப்பில் சொருகினால் ஓடுகிற கையடக்கமான பெட்டி ஒன்று போதும். அவர் கட்சி, தட்டு சுழன்றே ஆக வேண்டும், அதுவும் இரண்டு தட்டு.

கடைக்காரர் எங்கள் இருவரையும் பார்த்துவிட்டு அவரிடம் மட்டும் பேசினார். என்னிடம் மின்விசிறிக்குக் கீழே உட்காரச் சொன்னார். முதலில் பெல்ட்டால் தட்டைச் சுழற்றும் டர்ன்டேபிளைக் காட்டினார். விலை குறைவு. ஆனால் தட்டைக் கையால் நிறுத்திவிட்டு விட்டால் மறுபடி வேகம் பிடிப்பதற்குள் பந்தி முடிந்துவிடும். மோட்டாரே நேராகச் சுழற்றும் வகைதான் டிஜேக்கு ஆகும் என்று என் கணவர் பிடித்த பிடியில் நின்றார். சரி, அது அவர் இலாகா. அடுத்து, இரண்டு பக்கத்துப் பாட்டையும் கலக்கிக் கொடுக்கும் மிக்சர் வந்தது. கடைக்காரர் விளக்குகள் மின்னுகிற ஒன்றைத் தூக்கி வைத்தார். என் கணவர் கண்ணும் சேர்ந்து மின்னியது.

"இதுல ஃபோனோ இருக்கா, வெறும் லைன் மட்டுமா?" என்று மின்விசிறிக்குக் கீழிருந்தபடியே கேட்டேன்.

கடைக்காரர் திரும்பினார். ஊசியிலிருந்து வரும் சத்தம் கொசு முணுமுணுப்பது போலத்தான் இருக்கும். அதைப் பெருக்கிக் கொடுக்கும் ஃபோனோ வழி மிக்சரில் இல்லாவிட்டால் தட்டு ஊமை. ஸ்டாஃப் ரூமில் ஒரு வாரம் உட்கார்ந்து படித்திருந்தேன். மின்னல் மிக்சரில் அது இல்லை. பக்கத்தில் விளக்கே இல்லாமல் கிடந்த ஒன்றில் ஒரு பக்கம் ஃபோனோவும் மறுபக்கம் லேப்டாப்புக்கு வழியும் இருந்தன. அதையும் ஒரே ஒரு டர்ன்டேபிளையும் வாங்கினோம். தட்டுப் பக்கம் அவர், லேப்டாப் பக்கம் நான். நானும் டிஜே ஆனது இப்படித்தான். யாரும் என்னைக் கேட்கவில்லை.

வீட்டு ஹாலில் வைத்துப் போட்டதும் பாட்டுக்கு முன்னால் 'ம்ம்ம்' என்று ஓர் உறுமல் வந்தது. மிக்சரே கோளாறு என்று என்னையும் மிக்சரையும் சேர்த்துத் திட்டினார். எர்த் வயரை மாட்டாமல் பெட்டிக்குள்ளேயே விட்டிருந்தார். அதை எடுத்துக் கையில் கொடுத்தேன், மாட்டினார், உறுமல் நின்றது. மன்னிப்பெல்லாம் எங்கள் வீட்டில் வழக்கமில்லை, காபி போட்டுக் கொடுத்தார்.

ஒரு பாட்டிலிருந்து இன்னொன்றுக்குத் தாளம் இடறாமல் போவதுதான் இந்த வேலையின் கழுத்தறுப்பு. என் லேப்டாப் பாட்டுக்கு நிமிஷத்துக்கு இத்தனை தாளத் தட்டு என்று கணக்கு உண்டு, அது மாறாது. அவருடைய பழைய பாட்டுகளில் தபேலாக்காரருக்குக் குஷி வந்தால் வேகம் ஏறும், பாடகி மூச்சு வாங்கினால் இறங்கும். "ஒங்க ஆளுக ஒரு நிலையில நிக்க மாட்டேங்குறாங்க" என்பேன். "ஒன் பாட்டு மிலிட்டரி மாதிரி நடக்குது" என்பார். தினமும் சாயங்காலம் இதே பேச்சு. இருபது நாளில் நாங்கள் பேசிய பேச்சு, பத்தொன்பது வருஷ போன் பேச்சை விட அதிகம். எனக்கு அது பிடித்திருந்தது. அதற்காகவே அவர் மேல் கோபமும் வந்தது.

காதுகுத்து நாளும் வந்தது. எங்கள் பக்கம் குட்டி யானை என்று சொல்கிற சின்ன லோடு வண்டியில் சீர்வரிசைக்கு முன்னால் எங்கள் சாமான்கள் ஏறின. அங்கேதான் தப்புச் செய்தோம். தாய்மாமன் சீர் என்றால் பாட்டு வண்டி ஊர்ந்துகொண்டே போக வேண்டும். ஓடுகிற வண்டியில் தட்டு ஓடாது என்பது இரண்டு பேருக்கும் தோன்றவில்லை. குலுங்கும் என்று மட்டும் அவர் யோசித்து, டர்ன்டேபிளுக்குக் கீழே பாதிக் காற்றடித்த பைக் டியூப் ஒன்றை வைத்திருந்தார்.

முதல் வேகத்தடையிலேயே ஊசி பல்லவியிலிருந்து கடைசிச் சரணத்துக்குத் தாவியது. இரண்டாவதில் சரணத்திலிருந்து தட்டுக்கு வெளியே வந்தது.

"மச்சான், பாட்டுக்கு விக்கல் எடுக்குது! தண்ணி குடுங்க!" என்று நாத்தனார் வீட்டுப் பக்கத்திலிருந்து ஒருவர் கத்த, கூட்டம் சிரித்தது. நாத்தனார் முகம் சுண்டிப்போனது. என் கணவர் ஊசியைத் தூக்கிப் பிடித்தபடி நின்றார். வந்த நாளிலிருந்து வீட்டில் ஸ்விட்ச் எங்கே என்று தெரியாமல் சுவரைத் தடவுவாரே, அதே முகம். சட்டென்று என் பக்கத்துப் பாட்டை ஏற்றிவிட்டேன், கூட்டம் ஆடத் தொடங்கியது. அவர் தட்டை உறைக்குள் போடப் போனார்.

அப்போது தெரு முக்கில் வெடி போடுவதற்காக வண்டி நின்றது. சீர் ஊர்வலம் முக்குக்கு முக்கு நிற்கும், ஆரத்திக்கு நிற்கும், ஆடுகிறவர்களுக்காக நிற்கும். ஓடுவதை விட நிற்பதுதான் அதிகம்.

"ஏங்க, நிக்குதுல்ல, வைங்க!" என்றேன்.

"இங்கிட்டா?"

"இங்கிட்டுத்தான்! நிக்கும்போது நீங்க, போகும்போது நான்!"

வைத்தார். மெதுவாக என் பாட்டை இறக்கி அவருக்கு வழிவிட்டேன். தபேலா வந்து இறங்கியது, தாளம் துளிக்கூட இடறவில்லை. விக்கல் மச்சான் துண்டைத் தலையில் கட்டிக்கொண்டு முதல் ஆளாக ஆடினார். அதன்பிறகு வண்டிக் கூரையில் நான் இரண்டு தட்டுத் தட்டினால் டிரைவர் நிறுத்துவார், ஒரு தட்டுக்கு எடுப்பார். கோயில் வரை அப்படியே போனோம். நாத்தனார் வண்டிக்கு முன்னால் ஆடியதை அவள் மாமியாரே போனில் பிடித்தார்.

கோயில் வாசலில் டிரைவர் உற்சாகத்தில் நான் தட்டாமலே வண்டியை எடுத்துவிட்டார். ஊசி முறிந்தது. அவர் அதைத் தேடி எடுத்து, திருநீற்றுக் காகிதத்தில் மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போய், மருமகளை மடியில் உட்கார வைத்தார். காது குத்தும்போது பிள்ளையை விட அவர்தான் அதிகம் நெளிந்தார்.

மாசக் கடைசியில் கம்பெனியிலிருந்து போன் வந்தது. எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனார். அரை மணி நேரம் கழித்து இறங்கி வந்தார். நானும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. ரசத்துக்கு உப்பு இரண்டு தடவை போட்டேன். அவர் டம்ளரை முழுசாகக் காலி செய்தார்.

சாப்பிட்டதும் லேப்டாப்பைத் திறந்து என் பக்கம் திருப்பினார். "புது ஊசி ஆர்டர் போட்டிருக்கேன். வெளிநாட்டுலேர்ந்து வரணுமாம், நாலு வாரம் ஆகும். மாடல் நம்பர் சரியான்னு பாரு."

அலமாரியில் இருந்த டிக்கெட்டுக்குப் பத்து நாள்தான் பாக்கி. மாடல் நம்பரைப் பார்த்தேன், சரி. முகவரி, சரி. அதற்குக் கீழே செல் நம்பர் இருந்தது. அது என்னுடையது இல்லை. பத்து இலக்கத்தையும் இரண்டு தடவை படித்தேன். போன வாரம் எங்கள் ஊர்க் கீழ ராஜ வீதியில் அவர் வாங்கிய சிம்மின் நம்பர்.

கண்ணில் நீர் கோத்துக்கொண்டது. லேப்டாப்பை அவர் பக்கமே திருப்பி வைத்தேன்.

"ஓடிபி வந்தா நீங்களே சொல்லிக்கங்க. எனக்குக் கிளாஸ் இருக்கு" என்றேன்.