இடைவேளையில் சொன்ன தீர்ப்பு

தியேட்டர் வாசலில் மைக்கை நீட்டி "படம் எப்படி?" என்று கேட்கிற வேலைக்கு மரியாதை கிடையாது. வீடு வீடாகக் கணக்கெடுக்கப் போகிறவர்களே, காப்புறுதி விற்கிறவர்களே, கலியாண வீட்டில் பந்தியைச் சுற்றிவந்து "சாப்பாடு காணுமோ?" என்று கேட்கிறவர்களே, உங்களுக்கு இது விளங்கும். நாங்கள் கிட்டப் போனவுடனேதான் எதிரே நிற்பவருக்குப் போன் அழைப்பு வரும், செருப்பு வார் அறும், பிள்ளைக்கு ஒண்டுக்கு முட்டும்.

நான் கம்பஸில் இரண்டாம் வருடம். திருகோணமலையில் நிசார் நானா நடத்துகிற சின்ன இணையச் சனலுக்கு, புதுப்படம் வரும் வெள்ளிக்கிழமைகளிலும் அதையொட்டிய சனி, ஞாயிறுகளிலும் மைக் பிடிக்கிறேன். நிசார் நானா கிண்ணியாக்காரர். சனலுக்கு முதலாளியும் அவர்தான், கமராக்காரரும் அவர்தான், மோட்டார் சைக்கிள் ஓட்டுகிறவரும் அவர்தான். பெண்பிள்ளை கேட்டால் சனம் நின்று பதில் சொல்லும் என்பது அவருடைய கண்டுபிடிப்பு. அந்தக் கண்டுபிடிப்பை எதிர்த்து ஒரு கிழமை வாதாடிவிட்டுத்தான் வேலைக்குச் சேர்ந்தேன்.

கீழே எழுதியிருப்பதெல்லாம் ஒரே படத்தால் வந்த வினை. முந்தி வந்த களவுப் படம் ஒன்றைத் திரும்ப எடுத்திருந்தார்கள். ஏதோ ஒரு தீவில் ஒரு கசினோ, அதைக் கொள்ளையடிக்க ஒரு கூட்டம். சுவரொட்டியில் இன்னொரு முகத்துக்கு இடமில்லை, அவ்வளவு நட்சத்திரங்கள்.

நாங்கள் கருத்து எடுக்கிற நேரம்

இந்தப் படம் வரப் பல மாதங்களுக்கு முந்தி, முதல் நாள் வேலைக்குப் போனபோது, படம் முடிகிற நேரத்தைக் கேட்டு வைத்துக்கொண்டு ஆயத்தமாக நின்றேன். நிசார் நானாவோ இடைவேளை மணி அடித்தவுடன் கமராவைத் தூக்கிவிட்டார். கடலைச் சுருளும் சோடாவுமாக நின்ற சனத்திடம் நான் கேட்க, அவர்கள் சொல்ல, வேலை முடிந்தது. சனம் மிச்சப் படத்துக்கு உள்ளே போக, நாங்கள் காணொளியை வெட்டி ஒட்டி இணையத்தில் ஏற்றப் போய்விட்டோம். அதற்கு மேலே பெரிய எழுத்தில் அவர் போட்ட தலைப்பு: "படம் பார்த்த மக்களின் தீர்ப்பு".

"பாதிப் படத்துக்கு எப்படித் தீர்ப்புச் சொல்லுறது? எந்த வழக்கில சாட்சியைப் பாதியில நிப்பாட்டித் தீர்ப்பு எழுதுறவை?" என்று அன்றைக்கே சண்டைக்குப் போனேன். நிசார் நானா கோபிக்கவில்லை. அடுத்த நாள், படம் முடிகிற நேரத்துக்கு என்னை வாசலில் நிறுத்தி வைத்தார். கதவு திறந்தது. மூதூர்ப் பக்கம் போகிற கடைசி பஸ்ஸைப் பிடிக்கச் சனம் என்னைத் தாண்டி ஓடியது. ஒருவர் ஓடிக்கொண்டே "நல்லம்" என்றார். அது படத்தையோ, நான் வழி விட்டதையோ தெரியாது. தூசி அடங்கியபிறகு நிசார் நானா சொன்னார்:

"படம் முடிஞ்சாப் பொறகு இங்க ரசிகர் இல்ல புள்ள, பிரயாணிதான் இரிக்காங்க."

பழைய படம் பார்த்த ஐயா

மறுபடி எடுத்த படம் என்றால் ஒரு தொல்லை. முதல் படத்தைப் பார்த்தவர் ஒருவர் எப்படியும் வருவார். இந்த ஐயா இஸ்திரி போட்ட சேர்ட்டும் கையில் குடையுமாக, மைக்கை என்னிடமிருந்து வாங்கித் தானே பிடித்துக்கொண்டார். பழைய படம் ஓடியபோது தனக்கு மீசைகூட முளைக்கவில்லை என்று தொடங்கி, அந்த நாளைய கலரி ரிக்கெற், பக்கத்துக் கதிரைக்காரன் பிடித்த சுருட்டு என்று விரிந்துகொண்டே போனது. நிசார் நானா பின்னால் நின்று கையால் வெட்டு, வெட்டு என்று சைகை காட்டினார். எனக்கும் பொறுமை போய்விட்டது. "ஐயா, இப்ப பார்க்கிற படத்தைப் பற்றிச் சொல்லுங்கோ" என்றேன்.

ஐயா கமராவை நிதானமாகப் பார்த்தார். நான் அதுவரை பட்ட எரிச்சல் எல்லாம் அந்த ஒரு பதிலோடு போய்விட்டது.

"முந்தி இதே பெட்டகத்தை ஒரு மனிசன் தனியாளா உடைச்சவன் பிள்ளை; இப்ப அதுக்கு இவ்வளவு பேர் வேணுமெண்டால், கள்ளருக்குள்ளயும் வேலையில்லாப் பிரச்சினை வந்திட்டுது."

வாசற்காவலரின் கேள்வி

துறைமுகத்தில் வாசற்காவல் செய்கிற அண்ணர் ஒருவர், வேலை முடிந்து சீருடையை மாற்றாமலே படத்துக்கு வந்திருந்தார். அன்றைக்கு எல்லாரும் "சுப்பர்", "வேற லெவல்" என்று இரண்டே சொல்லில் கதையை முடிக்க, தொண்டை வறண்டுபோய் நின்ற எனக்கு அவர் தெய்வம் மாதிரி வந்தார். படம் பிடித்ததா என்று கேட்டேன். பிடித்ததாம். ஆனால் மனதுக்கு ஒரே கஷ்டமாம்.

எதற்குக் கஷ்டம்? தனக்கு நெஞ்சு பதறுகிறது என்றார். கொள்ளைக்கூட்டம் பிடிபடுமோ என்று பக்கத்திலிருப்பவர்கள் நகம் கடிக்க, இவர் கசினோவின் காவலாளிகளுக்காக நகம் கடித்துக்கொண்டிருந்திருக்கிறார். படத்தில் ஒருவர்கூட அவர்களைப் பற்றிக் கவலைப்படவில்லையே என்று ஆதங்கம். உண்மையைச் சொன்னால் எனக்கும் அதுவரை அந்த எண்ணம் வந்ததில்லை.

"கள்ளன் கப்பலேறிப் போயிடுவான் தங்கச்சி, விடிய விசாரணைக்கு நிக்கப்போறது அந்த வாசல்ல நிண்ட பெடியன்தானே."

கந்தோரில் இருந்த இரண்டு பேர்

பெண்களின் கருத்து ஒன்றும் வருவதில்லை என்பது என்னுடைய நிரந்தரக் கோபம். கதிரைகளில் பாதி அவர்கள்தான். மைக்கைக் கண்டதும் கைப்பையை முகத்துக்கு நேரே தூக்கிவிடுவார்கள். வெள்ளிக்கிழமை பின்னேரக் காட்சியில் அலுவலகச் சேலையோடு இரண்டு அக்காமார் அப்படிப் பையைத் தூக்க, நான் விடவில்லை. "நாங்கள் காசு குடுத்துப் பார்க்கிறம், கருத்தை மட்டும் ஆம்பிளையள் சொல்லுறதோ? நீங்கள் ஒளிச்சால் நாளைக்கு ஆர் கதைக்கிறது?" என்று வாசலிலேயே சொற்பொழிவு ஆற்றினேன்.

இருவரும் மிக மரியாதையாகக் கேட்டார்கள். மூத்தவர் தலையை ஆட்டி என் கருத்தை முழுமையாக ஆமோதித்தார். பிறகு என் காதுக்குக் கிட்ட வந்து, பையை இறக்காமலே சொன்னார்:

"படம் நல்லாத்தான் போகுது தங்கச்சி, ஆனால் நாங்கள் ரெண்டுபேரும் இப்ப கந்தோரில வேலை செய்துகொண்டிருக்கிறம்."

ரமணி ரீச்சர்

அதே இடைவேளையில்தான் ரமணி ரீச்சரைக் கண்டேன். மூதூரில் ஒரு ரியூட்டரியில் உயர்தர வகுப்புக்குப் பொருளியல் படிப்பிக்கிறவர், முப்பது வயதிருக்கும். தனியாகப் படம் பார்க்க வந்திருந்தார். பையைத் தூக்கவில்லை. போன் எடுக்கவில்லை. நான் கேட்குமுன்னரே மைக்குக்கு நேரே வந்து நின்றார். நம்புங்கள்.

"இந்தக் கள்ளர் கூட்டத்தில ஒரேயொரு பொம்பிளை. ஆம்பிளையள் திட்டம் போடுகினம், பூட்டுத் திறக்கினம், கயிற்றில தொங்குகினம். அவவுக்கு வேலை தட்டில கிளாஸ் கொண்டுபோய்ச் சிரிக்கிறது. இவ்வளவு பெரிய நடிகையைக் கூட்டிக்கொண்டு வந்து சிரிக்க விட்டிருக்கினம்" என்றார். நான் மைக்கை மறந்து கைதட்டிவிட்டேன். கருத்தைக் கேட்கிறவள் கைதட்டக்கூடாது என்று நிசார் நானா உறுக்கினார். ரீச்சர் உள்ளே போகத் திரும்பி, ஒரு வசனம் சேர்த்தார்:

"அவ இல்லாட்டிலும் இந்தக் களவு நடக்கும், எழுதி வையுங்கோ."

மிச்சப் பாதி

நடந்தது இதுதான். இடைவேளைக்குப் பிறகு, அத்தனை திட்டத்தையும் போட்டதே அந்தப் பெண்தான் என்று படம் திரும்புகிறது. நாங்கள் அப்போது தியேட்டரில் இல்லை, ரீச்சரின் துண்டை முதலாவதாகப் போட்டு இணையத்தில் ஏற்றிக்கொண்டிருந்தோம். பொழுதுபடுமுன்னர் கொமன்ட் பெட்டி நிறைந்துவிட்டது. "பார்க்காத படத்துக்குத் தீர்ப்போ அக்கா?" "ரீச்சர் நித்திரை போல." இவை மரியாதையானவை. மற்றவற்றை இங்கே எழுத ஏலாது. ஆம்பிளையள் அதே பாதிப் படத்துக்குச் சொன்ன "வேற லெவல்" எல்லாம் அதே காணொளியில் பத்திரமாக இருந்தது. அவர்களை ஒரு நாய்கூடக் கேட்கவில்லை!

ஞாயிற்றுக்கிழமை ரீச்சர் அழைத்தார். முந்தினநாள் சனிக்கிழமை வகுப்புக்குள் கால் வைத்தவுடன் கடைசி வாங்குப் பெடியன் ஒருவனின் போனிலிருந்து அவருடைய குரலே அவரை வரவேற்றதாம்: "அவ இல்லாட்டிலும் இந்தக் களவு நடக்கும்." வகுப்பே சிரித்ததாம். வழங்கல், கேள்வி வளைகோடுகளைக் கரும்பலகையில் கீறத் திரும்பினால் முதுகுக்குப் பின்னால் திரும்பவும் அதே குரல். பாதியில் வகுப்பை விட்டு வந்துவிட்டார். வேண்டுமானால் கொஞ்ச நாள் வேறொருவரைப் போடலாம் என்று ரியூட்டரி நடத்துகிறவர் ஆறுதலாகச் சொன்னாராம். அந்த ஆறுதல்தான் ரீச்சரைப் பயப்படுத்தியிருந்தது. காணொளியை அகற்றிவிடுகிறோம் என்றேன். அவருடைய பதிலை அப்படியே எழுதி வைத்திருக்கிறேன்.

"எடுக்க வேண்டாம், நான் சொன்னது நான் சொன்னதுதான், இடைவேளையில சொன்னது எண்டு ஒரு வரி மட்டும் போடுங்கோ, படம் முடிஞ்சு வந்து உங்களைத் தேடினனான், மைக்கும் இல்லை, ஆக்களும் இல்லை."

ஒரு வரிக்கு நடந்த சண்டை

ஒரு வரி! நிசார் நானா அதற்கு ஒத்துக்கொள்ளவில்லை. போன் திருத்துகிற கடைக்கு மேலே இருக்கிற அவருடைய அறையில் நின்று, நான் நீதி, நியாயம், ஊடக ஒழுக்கம் என்று கம்பஸில் படித்த அத்தனையையும் இறக்கினேன். அவர் தேத்தண்ணி ஊற்றித் தந்தார். அவரைக் கெட்டவராகக் காட்ட எனக்கு மனமில்லை. ரீச்சருக்கு நடந்ததைக் கேட்டு அவருக்கும் முகம் வாடித்தான் போனது. ஆனால் அவருடைய பயம் வேறு. "ஒரு வீடியோவுக்கு இடைவேளை எண்டு எழுதினா, மத்த எல்லாத்துக்கும் கேப்பாங்க புள்ள. நான் கலியாண வீடியோவும் எடுக்கிறவன். நாளைக்கு மாப்பிள்ள வீட்டான் கேப்பான், தாலி கட்டுறதாவது முழுசா வருமா எண்டு."

அவர் சொல்வதிலும் நியாயம் இருந்தது, அதுதான் எனக்கு இன்னும் ஆத்திரம். அப்படியென்றால் முழுக் கருத்தையும் எடுப்போம், ரீச்சரின் இரண்டு கருத்தையும் ஒன்றாகப் போடுவோம் என்றேன். எப்படி, சனம்தான் பஸ்ஸுக்கு ஓடுதே என்றார். ஓடட்டும், நாங்களும் ஓடி ஏறுவோம், மூதூர் போய்ச் சேருமட்டும் யாரும் எங்களை விட்டு ஓட ஏலாதே என்றேன். நிசார் நானா தேத்தண்ணிக் கிளாஸை வைத்துவிட்டுக் கமராவை எடுத்துத் துடைத்தார்.

"பஸ்ஸுக்குள்ள கமரா ஆடும்... ஆடட்டும், ஏறிப் பாப்பம்."

மூதூர் பஸ்ஸில்

அடுத்த ஞாயிறு காட்சி முடிந்தவுடன் சனத்தோடு சனமாக ஓடி ஏறினோம். பட்டினத்துக்கு அலுவலாக வந்திருந்த ரமணி ரீச்சர், நான் சொல்லி வைத்தபடி, யன்னலோரம் இருந்தார். மைக்கை நீட்டியதுதான் தாமதம், பஸ் முழுக்கக் கதை. தியேட்டர் வாசலில் பையால் முகத்தை மறைக்கிற சனமா இது? படம் பார்க்காத மீன்காரம்மாகூட, பக்கத்திலிருந்தவரிடம் கதையைக் கேட்டு முடித்துவிட்டுத் தன் தீர்ப்பையும் சொன்னார். கொண்டக்டர் மிச்சக் காசை விட்டுவிட்டு முடிவைப் பற்றி வாதாடினார். கிண்ணியாப் பாலம் வர, நான் ரீச்சரிடம் போனேன். பின்னுக்கு நின்ற ஒரு இளந்தாரி ஆளை அடையாளம் கண்டுவிட்டான். "அந்த ரீச்சர்! இப்ப மாத்திக் கதைப்பா பாருங்கோ!" என்று கத்த, பஸ் சிரித்தது.

ரீச்சரின் கை முன் கதிரைக் கம்பியை இறுக்கிப் பிடித்தது. குரல் மட்டும் இறங்கவில்லை. "மாத்தேல்லை தம்பி. பாதி பார்த்தனான், பாதிக்குச் சொன்னனான். இப்ப மிச்சத்தையும் சொல்லுறன். திட்டம் எல்லாம் அவ போட்டதாம். அப்ப அதைப் பாதிப் படத்துக்கு எங்களுக்குக் காட்டாமல் தட்டைக் குடுத்துச் சிரிக்க விட்டது ஏன்?"

"அதுதானே ரீச்சர் படத்தின்ர திருப்பமே!" என்றான் அவன், வென்றவன் மாதிரி.

"ஒரு பொம்பிளைக்கு மூளை இருக்கெண்டதோ தம்பி திருப்பம்?"

வரி ஏறியது

பஸ்ஸில் முதலில் சிரித்தது மீன்காரம்மாதான். அதற்குப் பிறகு அந்தக் காணொளியில் ஒன்றும் விளங்காது, அவ்வளவு சத்தம். நிசார் நானா இரண்டு துண்டையும் சேர்த்து ஏற்றினார். முதலாவதன் கீழே, நான் சொல்லச் சொல்லத் தன் கையாலேயே அந்த வரியை எழுதினார்: "இது இடைவேளையில் எடுக்கப்பட்ட கருத்து." அவர் பயந்தபடியே, அப்ப மற்றதெல்லாம் எப்ப எடுத்தது என்று கேட்டார்கள். நானா ஒரு நாள் முழுக்கப் போனைத் தொடவில்லை. அடுத்த நாள் பழைய காணொளிகளைத் திறந்து, ஒவ்வொன்றாக வரி போடத் தொடங்கினார்.

ரமணி ரீச்சர் அந்தக் கிழமை வகுப்புக்குப் போனார். போகுமுன்னர் எனக்குச் சொல்லவில்லை. வந்தபிறகுதான் அழைத்தார். எப்படிப் போனது என்று நான் கேட்டது, மைக் இல்லாமல் கேட்ட ஒரே கேள்வி. மறுமுனையில் ரீச்சர் ஒரு மூச்சு விட்டுச் சிரித்தார்.

"பெடியள் இண்டைக்கும் வீடியோவைப் போட்டவங்கள், கடைசி வரைக்கும் ஓடட்டும், பிறகு பாடத்தைத் தொடங்குவம் எண்டு நானும் கதிரையில இருந்திட்டன்."

கருத்துக் கேட்கிற வேலை லேசானதுதான், எதிரே நிற்பவரிடம் உண்மையாகவே ஒரு கருத்து இல்லாதவரைக்கும்.