கோரஸ்காரி

கோடம்பாக்கத்துப் பெண் என்று கேள்விப்பட்டு, நான் கல்யாணமாகிப் போன பாகூரில் என்னைப் பார்க்க வந்தவர்கள் எல்லோரும் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள். எந்த நடிகரைப் பக்கத்தில் பார்த்தாய்? யாரையும் பார்த்ததில்லை என்றால் நம்ப மாட்டார்கள். கோடம்பாக்கத்தில் நடிகர்கள் தெருக்குழாயில் தண்ணீர் பிடிப்பார்கள் என்று அவர்களுக்கு நினைப்பு.

நடிகர்களைப் பார்க்காதது சத்தியமான உண்மை. ஆனால் சினிமாவில் நான்கு வருஷம் பாடியிருக்கிறேன். அதைப் பற்றித்தான் மூச்சு விடவில்லை. பெரிய பாடகி என்று எண்ண வேண்டாம். பல்லவி முடிந்ததும் பின்னால் எட்டுப் பெண்கள் 'ஆ... ஆ...' என்று இழுப்போமே, அந்தக் கோரஸில் ஒருத்தி. பெண் பார்க்க வந்தவர்களிடம் அப்பா என்னைத் தையல் வகுப்புக்குப் போகிறவள் என்று சொல்லிவிட்டார். சினிமாவில் பாடியவளை யார் கட்டுவார்கள் என்ற பயம் அவருக்கு. கல்யாணத்துக்குப் பிறகு அந்தப் பயம் என்னிடம் வந்துவிட்டது. தெரிந்தால் மாமியார் பெட்டியோடு பஸ் ஏற்றிவிடுவார் என்றே நம்பினேன். கணவரிடம்கூடச் சொல்லவில்லை. தெருவில் ஆளாளுக்கு ஜாக்கெட் துணி கொண்டுவந்து கொடுத்தார்கள். என் தையலைப் பார்த்த பிறகு ஒருத்தரும் திரும்ப வரவில்லை.

மாட்டிக்கொண்டது பக்கத்து வீட்டுக் காதுகுத்தில். காலையிலிருந்தே பூவரச மரத்தில் கட்டிய குழாய் ஸ்பீக்கரில் பாட்டு அலறிக்கொண்டிருந்தது. பெண்கள் உட்கார்ந்து காய் நறுக்கிக்கொண்டே கூடப் பாடினோம். திடீரென்று நான் கோரஸ் பாடிய பாட்டு வந்தது. எல்லோரும் பல்லவியைப் பாடினார்கள். நான் வாயைத் திறக்கவில்லை. எனக்கு வரிகள் தெரியாது. எங்கள் பங்கை மட்டும்தானே மனப்பாடம் செய்தோம். பல்லவி முடியும்போது விரல்கள் தாமாகத் தொடையில் தாளம் எண்ண, சரியான இடத்தில் 'ஆ...' என்று எடுத்தேன். முடிந்ததும் வாயை மூடிக்கொண்டு கத்தரிக்காயை நறுக்கினேன்.

மாமியார் கை வேலையை நிறுத்திவிட்டு என்னையே பார்த்தார்.

"இன்னாடி இது? எல்லாரும் பாட்டப் பாடறாங்க. நீ கம்முனு இருந்துட்டு நடுவுல மட்டும் ஆ ன்ற. வூட்லயும் அப்டித்தான் பண்ற."

பொய் சொல்லும் சாமர்த்தியம் எனக்குப் போதாது. "அந்த ஆ நாங்க பாடினதுதான், அத்தை" என்று ஆரம்பித்து, அரை நிமிஷத்தில் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன்.

அவர் எழுந்து போனார். மகனைக் கூப்பிடத்தான் போகிறார் என்று நினைத்தேன். அவரோ நேராக மைக் செட்காரரிடம் போய், "அந்த ரெக்கார்ட இன்னொரு தபா போடுப்பா" என்றார். திரும்பி வந்து என்னை ஒட்டி உட்கார்ந்துகொண்டார்.

கோரஸ் வந்ததும், "இதுல எதுடி நீ?" என்று கேட்டார்.

எனக்கு எப்படித் தெரியும்? ஒரே மைக்கைச் சுற்றி எட்டுப் பேர் நிற்போம். ஒருத்தி குரலும் தனியாகக் கேட்கக் கூடாது. கேட்டால் திட்டு விழும், பாட்டையும் முதலிலிருந்து எடுக்க வேண்டும்.

"தெரியலையே, அத்தை."

"எனக்குத் தெரியுது. கடைசில கொஞ்சம் மூக்கால இழுக்குது பாரு, அது நீ. தெனம் அடுப்பாண்ட கேக்கறனே."

நான்கு வருஷம் பாடியிருக்கிறேன். அந்த எட்டுப் பேரில் என் குரலைப் பிரித்துக் கேட்ட முதல் ஆள் அவர்தான். கத்தரிக்காய்த் தட்டை மடியில் வைத்துக்கொண்டே அழுதுவிட்டேன்.

"இன்னாத்துக்குடி அழுவுற? மூணாவது தபா போடச் சொல்றன், நல்லாக் கேளு" என்று மாமியார் மறுபடி எழுந்தார்.